பூவண்டு வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூவண்டு வளர்க்க வருகிறவர்கள் நிறத்தைப் பார்த்து மயங்கித்தான் வருகிறார்கள். பச்சை, தாமிரம், வெல்வெட் கறுப்பு, மஞ்சளில் பழுப்புத் திட்டு என்று கண்ணைப் பறிக்கும். ஆனால் அந்த வண்டு நம்மோடு இருப்பது சில மாதங்கள்தான். மீதிக் காலமெல்லாம் அது மண்ணுக்குள் வெள்ளைப் புழுவாகச் சுருண்டு கிடந்து தின்றுகொண்டே இருக்கும். அதனால் இங்கே பாதிக்கு மேல் மண்ணைப் பற்றியும் புழுவைப் பற்றியும்தான் பேச்சு. வண்டை மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூவண்டு என்பது எது? பொன்வண்டும் இதுவும் ஒன்றா?

இல்லை. பொன்வண்டு புப்ரெஸ்டிடே என்ற வேறு குடும்பம். அதன் புழு மரத்தையோ வேரையோ தின்று வளர்வது. பெட்டிக்குள் வைத்து அடுத்த தலைமுறை எடுப்பது பெரும்பாடு. பூவண்டு சாணி உருட்டும் வண்டுக்கும் காண்டாமிருக வண்டுக்கும் பங்காளி. ஸ்காரபேயிடே குடும்பத்தில் செட்டோனியினே என்ற கிளை. உலகம் முழுக்க ஏறக்குறைய 4,000 இனங்கள் உண்டு. வளர்ந்த வண்டு பூந்தாது, தேன், பழச்சாறு, மரத்திலிருந்து கசியும் சாறு இவற்றைத் தேடிப் போகும். புழு மக்கிய இலையையும் உளுத்த மரத்தையும் தின்னும்.

பறக்கும்போது பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடும். மற்ற வண்டுகள் பறக்கும் முன் முதுகின் மேலுள்ள கெட்டியான உறையிறகுகளை இரண்டாகப் பிளந்து தூக்கும். பெரும்பாலான பூவண்டுகள் அவற்றைத் திறப்பதே இல்லை. உறையிறகின் பக்க விளிம்பில் ஒரு சிறு வளைவு வெட்டு இருக்கும். அந்தச் சந்து வழியாக உள்ளிறகை நீட்டிக் கிளம்பிவிடும். அதனால் மூடியைத் திறந்த மறுநொடியே காதருகில் ரீங்காரம் கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். தயாராவதற்கு அதற்கு நேரம் தேவைப்படுவதில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர் எந்த இனத்தை எடுக்கலாம்?

பச்னோடா மார்ஜினாட்டா. யோசிக்கவே வேண்டாம். ஆப்பிரிக்க இனம், இரண்டரை செ.மீ. அளவு, மஞ்சள் விளிம்பும் பழுப்பு முதுகும். புழுக்கள் ஒன்றையொன்று கடிக்காது, ஒரே பெட்டியில் கூட்டமாக வளரும், ஆறு மாதத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். நீங்கள் செய்யும் பிழைகளில் பாதியை அது மன்னித்துவிடும்.

அடுத்த படி யூடிசெல்லாவும் டிக்ரனோரினா டெர்பியானாவும். இரண்டிலும் ஆணுக்குக் கொம்பு உண்டு. யூடிசெல்லாவின் கொம்பு நுனியில் கவட்டை போலப் பிரிந்திருக்கும். அதற்கும் அடுத்தது மெசினோரினா டார்குவாட்டா. உள்ளங்கை நிறையும் வண்டு, ஆனால் புழுவாக மட்டுமே பல மாதங்கள் காக்க வைக்கும்.

நேராகக் கோலியாத் வண்டிலேயே தொடங்கினால் என்ன?

ஆசை புரிகிறது. ஸ்வீடன் நாட்டு இயற்கையறிஞர் லின்னேயஸ் 1771-இல் பெயரிட்ட நாளிலிருந்து எல்லோருக்கும் அதன் மேல்தான் கண். பெரிய ஆண் வண்டு 10 செ.மீ. வரை வளரும். முற்றிய புழு 80 முதல் 100 கிராம் எடை வரும், கையில் வைத்தால் கை தாழும். சிக்கல் என்னவென்றால், இந்தப் புழுவுக்கு மக்கிய இலை மட்டும் போதாது. புரதம் வேண்டும். நாய், பூனை உணவுக் குருணைகளையோ மீன் தீவனத்தையோ ஒன்றிரண்டாக மண்ணில் புதைத்து வைப்பார்கள். சாப்பிடாமல் விட்டது இரண்டு நாளில் பூசணம் பிடிக்கும், உண்ணி பெருகும். எனவே வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பார்த்துப் பழையதை எடுத்துப் புதியதை வைக்க வேண்டும். தனித்தனி டப்பாவில் வேறு வைக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றையொன்று தின்றுவிடும். பச்னோடாவில் இரண்டு தலைமுறை எடுத்துவிட்டு வாருங்கள். கோலியாத் எங்கும் போய்விடாது.

ஒரு சுற்றுக்கு எவ்வளவு காலம் ஆகும்?

இனத்தையும் வெப்பத்தையும் பொறுத்தது. 25 டிகிரி செல்சியஸில் பச்னோடாவின் முட்டை சுமார் இரண்டு வாரத்தில் பொரிக்கும். புழுப் பருவம் இரண்டு முதல் நான்கு மாதம். முற்றிய புழு தன்னைச் சுற்றிக் கட்டும் மண்கூட்டுக்குள் ஒன்று முதல் இரண்டு மாதம். வெளியே வந்த வண்டு மூன்று மாதம் போல உயிரோடு இருக்கும். மெசினோரினா போன்ற பெரிய இனங்களுக்கு முட்டையிலிருந்து வண்டு வரை ஏறக்குறைய ஓராண்டு.

பெண் புழுக்கள் சீக்கிரம் முற்றிவிடும். ஆண் புழுக்கள் இன்னும் தின்று பெருத்த பிறகுதான் கூடு கட்டும். நான்கைந்து புழு மட்டும் வாங்கினால், பெண் வண்டு வந்து வயதாகும் நேரத்தில் ஆண் வண்டு மெதுவாக வெளியே எட்டிப் பார்க்கும். பெரிய இனமென்றால் பத்துப் பன்னிரண்டு புழுவாவது வாங்கச் சொல்வது இதனால்தான்.

பெட்டி எப்படி இருக்க வேண்டும்?

கண்ணாடித் தொட்டியோ பிளாஸ்டிக் பெட்டியோ எதுவும் ஆகும். பத்து பச்னோடாவுக்கு 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 20 முதல் 25 செ.மீ. உயரம் போதும். அடியில் 10 முதல் 15 செ.மீ. மண். பெரிய இனம் முட்டையிட 20 செ.மீ. ஆழம் கொடுங்கள். மூடியில் காற்றுத் துளை வேண்டும், ஆனால் முழுக்க வலை போட்டால் மண் காய்ந்துவிடும். மூடியில் ஒரு ஜன்னல் வெட்டி நெருக்கமான கண்ணுள்ள துணியை ஒட்டினால் காற்றும் வரும், பழ ஈயும் வராது.

மேலே மரப்பட்டைத் துண்டுகளும் காய்ந்த குச்சிகளும் கட்டாயம் போடுங்கள். அழகுக்கு இல்லை. மல்லாந்து விழுந்த வண்டுக்குப் பற்றிக்கொள்ள ஏதாவது கிடைத்தால்தான் நிமிரும். வெறும் மண்ணில் விழுந்தால் ஆறு காலையும் ஆட்டி ஆட்டி, களைத்து, அங்கேயே செத்துப்போகும். தொடங்கின புதிதில் எனக்கு இப்படி இரண்டு வண்டு போனது. நோய் என்று நினைத்துக்கொண்டு நான் மண்ணைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மண் என்று சொல்கிறீர்களே, அது உண்மையில் என்ன?

பழக்கத்தில் மண் என்கிறோம். உண்மையில் அது புழுவின் சாப்பாடு. சாப்பாட்டுக்குள்ளேயே வீடு. இதைப் புரிந்துகொண்டால் மற்றது எல்லாம் சுலபம்.

எளிய கலவை: நன்றாக மக்கிய இலை இரண்டு பங்கு, உளுத்து வெளுத்த மரத்தூள் ஒரு பங்கு. இலை என்றால் தானாக உதிர்ந்து பழுப்பேறி, விரலால் கசக்கினால் நொறுங்கும் பதத்தில் இருப்பது. ஓக், பீச் இலைகளைத்தான் வளர்ப்போர் காலங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். அவை கிடைக்காத இடங்களில் அகன்ற இலை உள்ள, வாசனை எண்ணெய் இல்லாத எந்த மரத்தின் இலையையும் சோதித்துப் பார்க்கலாம். பைன் வகைகள், யூகலிப்டஸ், வேம்பு, கற்பூர மரம் வேண்டவே வேண்டாம். நுகர்ந்தால் மணம் வருகிற மரம் பூச்சியை விரட்டத்தான் அந்த மணத்தை வைத்திருக்கிறது. மரத்துண்டு என்றால் வெள்ளைப் பூசணம் தின்று மென்மையானது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும்.

உளுத்த மரம் கிடைக்காவிட்டால் மரத்தூளைப் புளிக்க வைக்கலாம். பூச்சோ பசையோ கலக்காத கெட்டி மரத்தூள் பத்துப் பங்கு, கோதுமை மாவு அல்லது தவிடு ஒரு பங்கு. ஈரமாகப் பிசிறி, மூடியை லேசாகத் திறந்து வையுங்கள். இரண்டு மூன்று நாளில் கையை உள்ளே விட்டால் சுடும். அது நல்ல அறிகுறி. நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கிவிட்டன. மூன்று நாளைக்கு ஒருமுறை அடிமேலாகக் கிளறி விடுங்கள். முதலில் புளித்த வாடை, சாராய வாடை, சில சமயம் மூக்கைப் பொத்தும் வாடை கூட வரும். ஒன்று முதல் இரண்டு மாதத்தில் சூடு தணிந்து, நிறம் கருத்து, மழைக்குப் பிறகு வரும் மண் வாசனை வரும். அதுவரை புழுவை அதில் விடக் கூடாது.

அப்புறம் ஒரு சோதனை. தயாரான மண்ணை நனைத்துப் பெட்டியில் நிரப்பி இரண்டு நாள் சும்மா வையுங்கள். மறுபடி சூடேறுகிறதா என்று உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். சில சமயம் புதிய ஈரம் பட்டதும் புளிப்பு மறுபடி தொடங்கும். சூட்டிலும் மூச்சுத் திணறலிலும் ஒரே இரவில் எல்லாப் புழுவும் செத்த கதைகள் நிறைய உண்டு. அவசரப்பட்டவர்கள்தான் அந்தக் கதைகளில் வருகிறார்கள்.

வெளியிலிருந்து கொண்டுவந்த இலையை அப்படியே போடலாமா?

வேண்டாம். பூரான், கம்பிப்புழு, மண்புழு எல்லாம் கூடவே வரும். முதல் இரண்டும் பூவண்டுப் புழுவைத் தின்னும். மண்புழு தின்னாது, ஆனால் மண்ணைத் தின்று சேறாக்கிவிடும். உறைபனிப் பெட்டியில் மூன்று நாள் வைப்பதோ, கொதிநீரில் ஊறவைத்துப் பிழிவதோ போதும். பூச்சிமருந்து தெளிக்கும் தோட்டத்து இலையை எதனாலும் சுத்தப்படுத்த முடியாது, விட்டுவிடுங்கள்.

செடிக்கு விற்கும் தொட்டி மண், தென்னை நார்த்தூள்?

தொட்டி மண்ணில் உரம் கலந்திருக்கும், சிலவற்றில் பூச்சிமருந்தும் உண்டு. நார்த்தூள் ஈரத்தை நன்றாகப் பிடிக்கும், ஆனால் அதில் சத்து இல்லை. வண்டுப் பெட்டியில் மேலாகப் பரப்பலாம். புழுவை அதில் வளர்த்தால் வயிறு நிறையும், உடம்பு ஏறாது. கடைசியில் சுண்டைக்காய் அளவு வண்டுதான் வரும்.

ஈரம் எவ்வளவு இருக்க வேண்டும்?

ஒரு கை அள்ளி இறுக்குங்கள். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் அதிகம். மேல்மண் லேசாகக் காயலாம். அடிமண் காயக் கூடாது. தண்ணீரை மேலே தெளிப்பதைவிட ஓரமாக ஊற்றி அடிக்குப் போகவிடுவது நல்லது. மூடியின் உட்புறம் எப்போதும் முத்து முத்தாக வியர்த்திருந்தால் காற்று போதவில்லை என்று பொருள்.

புழு மல்லாந்து ஊர்கிறது. ஏதாவது நோயா?

நோய் இல்லை, அதன் நடையே அதுதான். பச்னோடா, செட்டோனியா போன்ற பூவண்டு வகைகளின் புழுவை மேசையில் விட்டால் உடனே புரண்டு மல்லாக்கப் படுத்து, முதுகுத் தசைகளை அலையலையாகச் சுருக்கி, முதுகிலுள்ள குட்டை முடிகளால் தரையை உந்தி விறுவிறுவென்று போகும். கால்கள் மேலே சும்மா ஆடிக்கொண்டிருக்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் அதைப் பாவம் பார்த்து நிமிர்த்தி வைப்பார்கள். அது மறுபடி புரளும்.

இதே நடை தோட்டக்காரர்களுக்கும் உதவும். மட்குக் குவியலில் கிடைக்கும் வெள்ளைப் புழுவெல்லாம் வேரைத் தின்னும் எதிரி இல்லை. பூவண்டுப் புழுவுக்குத் தலை சிறிது, கால் குட்டை, பின்பக்கம் பருத்திருக்கும், மல்லாந்து ஊரும். வேர்ப்புழுவுக்குத் தலை பெரிது, கால் நீளம், ஒருக்களித்துக் கிடக்கும். முன்னது குப்பையை உரமாக்கிக் கொடுக்கிறது. அதைக் கொன்றுவிட்டு நாமே உரம் வாங்கி வந்து போடுகிறோம்.

ஆனால் எல்லா இனமும் இப்படி மல்லாந்து ஊராது. கோலியாத் புழு நிமிர்ந்தே நடக்கும்.

புழுக்கள் மண்ணுக்கு மேலே வந்து சுற்றுகின்றன. ஏன்?

பூவண்டுப் புழுவுக்கு வெளிச்சம் பிடிக்காது. அது மேலே வருகிறதென்றால் கீழே இருக்க முடியவில்லை என்று பொருள். முதலில் மண்ணை முகருங்கள். புளித்த வாடையோ அழுகல் வாடையோ வந்தால் உள்ளே காற்று இல்லை. சுடுகிறதா பாருங்கள். சேறாகிவிட்டதா பாருங்கள். இவை எதுவும் இல்லையென்றால் சாப்பாடு தீர்ந்திருக்கும். கடைசிப் பருவத்துப் புழு (ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலம் ஒரு பருவம்) கூடு கட்ட இடம் தேடி இரண்டொரு நாள் அலைவதும் உண்டு. அப்போது அதன் நிறம் வெள்ளையிலிருந்து வெண்ணெய் மஞ்சளுக்கு மாறியிருக்கும். மற்ற எந்தக் காரணமானாலும் அன்றைக்கே மண்ணை மாற்றுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

எத்தனை புழுக்களை ஒன்றாக வைக்கலாம்?

பச்னோடா என்றால் பத்து லிட்டர் மண்ணுக்கு இருபது முப்பது தாராளமாக. மெசினோரினா, கோலியாத் புழுக்களை இரண்டாம் பருவத்திலேயே பிரித்துவிடுங்கள். ஒன்றுக்கு ஒன்றரை இரண்டு லிட்டர் டப்பா, கோலியாத்துக்கு அதைவிடப் பெரியது. சேர்த்து வைத்தால் சண்டை வரும். கடிபட்ட இடம் கறுத்துப் புண்ணாகி, பெரும்பாலும் அந்தப் புழு பிழைக்காது.

மண்ணை எப்போது மாற்றுவது?

புழுவின் எச்சம் சிறு மாத்திரை போல, ஒரே அளவாக, கெட்டியாக இருக்கும். மேல்மண்ணில் அந்த மாத்திரைகள் பாதிக்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம். முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு பழைய மண் இருக்கட்டும்.

காரணம் புழுவின் வயிற்றுக்குள் இருக்கிறது. நடுக்குடல் கடுமையான காரத்தன்மை கொண்டது; பச்னோடா எஃபிப்பியாட்டா புழுவில் பி.எச். 10-க்கும் மேல் போகிறது. அங்கே ஊறி இளகிய இலைச்சத்து, பலூன் போலப் பருத்த பின்குடலுக்கு வரும். அது ஒரு புளிப்புத் தொட்டி. கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அங்கே இருந்துகொண்டு புழுவால் தனியாகச் செரிக்க முடியாததைச் செரித்துக் கொடுக்கின்றன. பழைய மண்ணோடு அந்த நுண்ணுயிர்களும் புதிய மண்ணுக்குப் போய்ச் சேரும். சலித்தெடுத்த மாத்திரை எச்சத்தைச் செடிக்குப் போடுங்கள், அருமையான உரம்.

ஆர்வம் தாங்காமல் வாரம் ஒருமுறை தோண்டிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆறு வாரத்துக்கு ஒருமுறை போதும். தோலுரிக்கும் சமயத்தில் கை பட்டால் புழு காயப்படும்.

அடியில் மண் உருண்டைகள் இருக்கின்றன. உடைத்துப் பார்க்கலாமா?

தயவுசெய்து உடைக்காதீர்கள். அதுதான் மண்கூடு. முற்றிய புழு மஞ்சளேறி, குடலைக் காலி செய்து, அந்த எச்சத்தையே குழைத்து மண்ணோடு சேர்த்துத் தன்னைச் சுற்றி முட்டை வடிவச் சுவர் எழுப்பும். உட்சுவர் பூசி மெழுகினது போல வழவழப்பாக இருக்கும். பச்னோடாவின் கூடு பெரிய திராட்சை அளவு. மெசினோரினாவுடையது கோழிமுட்டை அளவு. பல சமயம் பெட்டியின் சுவரையோ அடித்தளத்தையோ ஒட்டிக் கட்டும். அப்போது பிளாஸ்டிக் வழியாகவே உள்ளே பார்க்கலாம்: முதலில் சுருங்கி அசையாமல் கிடக்கும் புழு, பிறகு தந்த நிறத்தில் கால்களை மார்போடு மடித்துக்கொண்ட கூட்டுப்புழு, அப்புறம் ஒரு நாள் வெளுத்த உறையிறகோடு ஒரு வண்டு. நாள் போகப் போக நிறமேறும். அந்தப் பக்கத்துக்கு ஒரு கறுப்புக் காகிதம் ஒட்டி வைத்து, பார்க்கும்போது மட்டும் தூக்கிப் பாருங்கள்.

கூடு கட்டத் தோதாக அடிமண்ணை நான்கைந்து செ.மீ. அழுத்தி இறுக்கி வைப்பது நல்லது. சில இனங்களுக்குக் கொஞ்சம் களிமண் கலந்து வைப்பார்கள்.

தவறிப்போய் உடைந்துவிட்டால்? சிறு ஓட்டை என்றால் ஈர மண்ணால் மூடி, அதே நிலையில் வைத்துவிடுங்கள். முழுக்க உடைந்தால் புழு இன்னொரு கூடு கட்டாது. கட்டத் தேவையான சரக்கை அது செலவழித்துவிட்டது. பூ அலங்காரத்துக்குச் செருகும் பச்சை நுரைக்கட்டியை நனைத்துப் பிழிந்து, கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தி, கூட்டின் அளவுக்கு வழவழப்பான குழி செய்யுங்கள். லேசாகச் சாய்ந்த குழி, தலை மேலாக. அதில் கூட்டுப்புழுவை மெதுவாக இறக்கி, மூடி, இருட்டில் வைத்துவிடுங்கள். தட்டையான டிஷ்யூ தாளில் போட்டு வைத்தால் வண்டு வெளிவரும்போது இறக்கை கோணிப்போகும்.

வண்டு வெளியே வந்துவிட்டது, ஆனால் சாப்பிடவில்லையே?

கூட்டுக்குள் வண்டாக மாறிய பிறகும் அது உடனே கிளம்பாது. உடல் இறுகும்வரை உள்ளேயே கிடக்கும். பெரிய இனங்கள் வாரக்கணக்கில் கிடக்கும். தானாக வெளியே வந்தது தானாகச் சாப்பிடும். நீங்களாகத் தோண்டி எடுத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

என்ன கொடுக்கலாம்?

வாழைப்பழத் துண்டு, மாம்பழம், ஆப்பிள், பேரிக்காய். தோலில் மருந்து இருக்கலாம் என்பதால் உரித்துக் கொடுங்கள். தர்பூசணி போலத் தண்ணீராக இருப்பது வேண்டாம், பெட்டி சேறாகும். பழத்தை மண்ணில் நேராக வைக்காமல் ஒரு மூடியிலோ பட்டை மேலோ வையுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள். வண்டுக்கென்றே சிறு கிண்ணங்களில் விற்கும் ஜெல்லி செலவுதான், ஆனால் பழ ஈ தொல்லை பாதியாகக் குறையும். பெண் வண்டு முட்டையிடும் காலத்தில் புரதம் கலந்த ஜெல்லி உதவும்.

சாப்பிடும் வண்டைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். கடித்துத் தின்னாது. வாயில் தூரிகை போன்ற முடிக்கற்றை இருக்கும், அதால் சாற்றை வழித்தெடுக்கும். தலையை வாழைப்பழத்துக்குள் முழுசாகப் புதைத்துவிட்டு, பின்பக்கம் மட்டும் வெளியே தெரிய, மணிக்கணக்கில் அப்படியே நிற்கும்.

ஆண் எது, பெண் எது?

கொம்புள்ள இனத்தில் கேள்வியே இல்லை, கொம்பிருந்தால் ஆண். பச்னோடாவில் வண்டைப் புரட்டி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பாருங்கள். வயிற்றின் நடுவே நீளவாக்கில் ஒரு பள்ளக்கோடு நிழலாகத் தெரிந்தால் ஆண். பெண்ணின் வயிறு சீராகப் புடைத்திருக்கும். புழுவில் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் கடைசிப் பருவம் வரை பொறுத்திருங்கள். ஆண் புழுவின் அடிவயிற்றில், கடைசிக்கு முந்தைய வளையத்தின் நடுவில் ஒரு சிறு புள்ளி தெரியும்.

முட்டையைத் தேடி எடுக்க வேண்டுமா?

பச்னோடாவில் தேவையில்லை. வண்டுகளை வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டு, மண்ணை இரண்டு மாதம் மறந்துவிடுங்கள். பெரிய இனங்களில், வண்டுகள் மண்ணைக் கிளறி முட்டையை நசுக்கிவிடலாம் என்பதால், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மண்ணைத் தட்டில் கொட்டித் தேடுவார்கள். புதிதாக இட்ட முட்டை வெள்ளையாக நீள்வட்டமாக இருக்கும். ஈரத்தை உறிஞ்சி உருண்டையாகப் பெருக்கும். விரலால் எடுக்காமல் கரண்டியால் சுற்றியிருக்கும் மண்ணோடு சேர்த்து எடுங்கள்.

உண்ணி, பழ ஈ, பூசணம் வந்தால்?

சாம்பல் தூவினது போல மண்ணில் நெளியும் சிறு உண்ணிகள் குப்பை தின்பவை. தொல்லைதான், ஆபத்தில்லை. ஈரத்தைக் குறைத்து, அழுகிய பழத்தை அகற்றினால் குறையும். வண்டின் கழுத்தடியிலும் கால் மூட்டிலும் அடை அடையாக அப்பியிருந்தால் மென்தூரிகையால் வெதுவெதுப்பான நீரில் துலக்கி விடலாம். துள்ளிக் குதிக்கும் வெள்ளைப் பூச்சிகளைக் கண்டால் கொல்லாதீர்கள். அவை பூசணத்தைத் தின்னும் துப்புரவுப் பணியாளர்கள்.

கவலைப்பட வேண்டியது பச்சைப் பூசணம். செத்த புழு விறைத்து, முதலில் வெள்ளையாகி, பின் பச்சைப் பொடி பூத்திருந்தால் அது மெட்டாரைசியம். பயிர்ப் பூச்சிகளைக் கொல்ல வயல்களில் வேண்டுமென்றே தெளிக்கும் அதே பூசணம்தான். அந்தப் புழுவை மண்ணோடு அப்புறப்படுத்தி, மிச்சப் புழுக்களைத் தனித்தனியாகப் பிரித்துப் புதிய மண்ணில் வையுங்கள்.

வண்டின் கால் நுனி உதிர்கிறது.

வயதாகிவிட்டது. மருந்து கிடையாது. பற்றி ஏற முடியாததால் பழத்தை மண்மட்டத்தில் வையுங்கள்.

வெயில், விளக்கு வேண்டுமா?

புழுவுக்கு வேண்டாம். வண்டுக்குப் பகல் இரவு தெரிந்தால் போதும். ஆனால் விளக்கு வைத்தால் துறுதுறுவென்று பறக்கும், இணை சேரும். அறை 22 முதல் 28 டிகிரிக்குள் இருக்கட்டும். பெட்டியை நேர்வெயிலில் வைத்தால் அரை மணி நேரத்தில் வெந்துவிடும்.

கடிக்குமா?

வண்டு கடிக்காது. கால் நகங்கள் சட்டையில் மாட்டிக்கொண்டு இழுக்கும், அவ்வளவுதான். பயந்தால் பின்னாலிருந்து நீர் பீய்ச்சும். பெரிய இனத்துப் புழு கடிக்கும், வலிக்கும்.

அதிகமாகப் பெருகிவிட்டால் வெளியே விட்டுவிடலாமா?

கூடாது. வேற்று நாட்டு இனத்தை ஒரு வண்டு கூட வெளியே விடக் கூடாது. தோட்டத்துப் பழத்துக்கும் அங்கே ஏற்கெனவே வாழும் வண்டுகளுக்கும் அது வினை. பெருகினால் வளர்ப்போருக்குக் கொடுங்கள், அல்லது முட்டை நிறைந்த மண்ணை உறையவைத்துவிட்டுச் செடிக்குப் போடுங்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் வெளிநாட்டுப் பூவண்டு வைத்திருக்க வேளாண் துறையின் அனுமதி வேண்டும். ஜெர்மனியில் உள்நாட்டுச் செட்டோனியா இனங்களைப் பிடிப்பதே தடை. வாங்குவதற்கு முன் உங்கள் நாட்டு விதியைப் பாருங்கள். விற்பவர் சொல்வதை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

செத்த பிறகும் நிறம் போகாதா?

இனத்தைப் பொறுத்தது. பச்னோடாவின் மஞ்சள் நிறமி, காலப்போக்கில் மங்கும். செட்டோனியா ஔராட்டாவின் உலோகப் பச்சை சாயம் அல்ல. ஓட்டின் மேல்தோல் நுண்ணிய அடுக்குகளாக, திருகுபடிக்கட்டு போல ஒன்றுக்கு மேல் ஒன்று சுழன்று அமைந்திருக்கிறது. ஒளி அதில் பட்டுத் திரும்பும்போது பச்சை தெரிகிறது. அடுக்கு கெடாதவரை நிறமும் கெடாது.

அந்தத் திரும்பும் ஒளியும் ஒரே பக்கமாகச் சுழன்றபடி வருகிறது. திரையரங்கில் முப்பரிமாணப் படத்துக்குக் கொடுக்கும், வட்டச்சுழல் ஒளியை வடிகட்டும் வகைக் கண்ணாடி இருந்தால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வண்டைப் பாருங்கள், பிறகு மறு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். ஒரு கண்ணாடி வழியே பளபளக்கும் பச்சை வண்டு, மற்றதில் கரிக்கட்டை போல இருண்டுவிடும்.